சோளகக் காற்றிலும் காயாத பெயின்ற்

மேசை விளையாட்டுப் பொம்மைகளுக்கு அக்ரிலிக் பெயின்ற் அடிப்பவர்கள் அதைப் பீங்கான் தட்டில் கலக்காதீர்கள். சாப்பாட்டுப் பெட்டி மூடியில் நனைத்த ஸ்பொஞ்சை வைத்து, மேலே கேக் தட்டுக்குப் போடும் பேக்கிங் தாளை விரித்து, அதில் கலக்குங்கள். மெழுகுத்தாள் வேண்டாம், ஈரம் ஏறாது.

அக்ரிலிக் காய்வது அதிலுள்ள தண்ணீர் ஆவியாவதால்தான். தாள் வழியே கசியும் ஈரம் அதை ஈடுசெய்கிறது. வன்னியில் சோளகம் அடிக்கும் மாதங்களில் தட்டில் சட்டென்று ஆடை பிடிக்கும் துளி, இதில் மணிக்கணக்காக இளகி நிற்கும். தடித்த பெயின்ற்றை அப்பிப் பொம்மையின் கண்ணையும் மூக்கையும் மூடிவிடும் புதியவர் பிழையும் குறையும்.

எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தில் அடியைப் பார்த்தாலே தெரியும். ஸ்பொஞ்சை நனைக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது. மெற்றாலிக் நிறங்களுக்கு இந்த ஈரத்தட்டு சரிவராது, மினுக்கம் பிரிந்து தாளெங்கும் பரவும். எனாமலுக்கும் பயனில்லை.