நாய், பூனையை எரிக்கமுதல்: முடியும் கால் அச்சும் எடுத்து வைப்பது எப்படி

இலங்கையின் வன்னி வெயிலில் செத்த உடல் தாங்காது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் விறைக்கத் தொடங்கும். கோடையில் இன்னும் வேகம். விறகு அடுக்கமுதலே உடலை நிழலில் கிடத்தி, கையுறை போட்டு வேலையைத் தொடங்குங்கள். உடல் குளிரக் குளிரத் தெள்ளும் உண்ணியும் இறங்கி வரும்.

விசர்நோய் (ரேபிஸ்) என்று சந்தேகம் இருந்தால், அதாவது சாகமுதல் எச்சில் வடிந்து, தாடை தொங்கி, காரணமில்லாமல் கடித்திருந்தால், எதையும் எடுக்க வேண்டாம். எரிக்கவும் அவசரப்படாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். சோதனைக்குத் தலை தேவைப்படும். கடிபட்டவர் உடனே காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எடுத்து வைக்க எல்லாவற்றிலும் நல்லது முடிதான், அது அழுகாது. பிடரியிலோ வாலிலோ பென்சில் மொத்தத்துக்கு முடியைச் சேர்த்து, முதலில் நூலால் இறுகக் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். வெட்டிவிட்டுக் கட்டப் போனால் கையில் நிற்காது. சவர்க்கார நீரில் அலசி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு காற்றுப் புகாத பையில் இட்டு ஒரு கிழமை ஃபிரீசரில் வையுங்கள். பூச்சி முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் முழுக்க விட்ட பிறகு திறந்து, கடதாசி உறைக்கு மாற்றுங்கள். ஈரம் போகாத முடியைப் பொலித்தீனில் மூடி வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும்.

நகம் வேண்டுமென்றால் நுனியை மட்டும் வெட்டுங்கள். சதை ஒட்டினால் நாறும். பல்லைப் பிடுங்க முயல வேண்டாம். வேர் ஆழம், தாடைதான் உடையும்.

கால் அச்சுக்குக் குளத்துக் களி போதும். கல், வேர் பொறுக்கிப் பிசைந்து, ஓர் அங்குல மொத்தத்தில் பெட்டி மூடியில் பரப்புங்கள். விரலிடுக்கு முடியைக் கத்தரித்து, பாதத்தைத் துடைத்து, நேராக அழுத்தி நேராகவே எடுங்கள். விறைத்த காலை மடக்கக் கூடாது. களியைக் காலுக்குக் கொண்டு போங்கள். கோதுமை மாவும் உப்பும் பிசைந்து செய்கிற அச்சு இங்கே சரிவராது, உப்பு ஈரத்தை இழுத்து இளகும்.

களியில் பதிந்த அச்சை வார்த்தெடுக்க, பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் தூள் இரண்டு கோப்பைக்குத் தண்ணீர் ஒரு கோப்பை. தண்ணீரில்தான் தூளைத் தூவ வேண்டும். மாறிச் செய்தால் கட்டி படும். மெதுவாகக் கலக்கி உடனே களிக்குழியில் ஊற்றி, பெட்டியைத் தட்டுங்கள், குமிழி மேலே வரும். ஒரு மணித்தியாலத்தின் பின் களியை உரித்து, ஒரு கிழமை நிழலில் காயவிடுங்கள். காலிலேயே நேரே பிளாஸ்டரைப் பூசாதீர்கள்: முடியோடு இறுகிவிடும்.

எரிக்கமுதல் கழுத்துப்பட்டியையும் கழற்றுங்கள். நைலோன் உருகி எலும்பில் ஒட்டினால், சாம்பல் அள்ளும்போது பிரிக்க முடியாது.