ட்ரோன் லேசர்ல கண்ணிவெடி தேடிப் பழகுறது எப்படி: நம்ம ராம்நாடு மணல்ல

முதல்லயே சொல்லிடுறேன், லேசர் மண்ணுக்குள்ள போகாது. லைடார் (லேசர அடிச்சு தூரம் அளக்குற கருவி) மாட்டி பறக்கவிட்டா புதைஞ்சதெல்லாம் ஸ்க்ரீன்ல தெரிஞ்சிரும்னு நம்ம பயலுக நெனைக்கிறாங்க, அது காட்டுறது மேல்மண்ண மட்டும்தான். அதனால மேல கெடக்குறத நேரா தேடலாம், புதைஞ்சத மேல்மண்ணுல தெரியுற தடத்த வச்சுத்தான் புடிக்கணும்.

நம்ம கரையில வெடி எதுவும் இல்ல, அக்கரையில, இலங்கைல முகமாலை பக்கம்தான் வருசக்கணக்கா எடுக்குறாங்க. பழகுறதுக்கு தனுஷ்கோடி மாதிரி மணலும் கொஞ்சம் கருவேலங்காடும் போதும், ஆனா உச்சிப்புளில நேவி விமானதளம் இருக்கு, அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் மேப்ப பாத்து பெர்மிஷன் வாங்காம தூக்காதீங்க.

வானத்துல இருந்து வீசுற பிஎஃப்எம்-1 கண்ணிவெடி கிட்டத்தட்ட 12 செ.மீ. நீளம், பிளாஸ்டிக் உடம்பு. அந்த சைஸுக்கு பிளாஸ்டிக்க டம்மியா வெட்டி மணல்ல போட்டு ஒவ்வொண்ணையும் செ.மீ. கணக்குல எடம் சொல்ற ஆர்டிகே ஜிபிஎஸ்ல குறிச்சுக்கோங்க, டேட்டாவ பாத்து தேடுற ஆளுக்கு அந்த லிஸ்ட் தெரியக்கூடாது.

இப்ப கணக்கு. லேசர் படுற புள்ளிக்குப் புள்ளி 5 செ.மீ. இடைவெளின்னா ஒரு டம்மி மேல ரெண்டு மூணு புள்ளிதான் விழும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அதனால தாழ்வா மெதுவா பறந்து, அதே எடத்த குறுக்கால இன்னொரு தடவ ஓட்டி 2 செ.மீ.க்கு கொண்டாங்க. அப்பவும் அளந்த தரை உயரத்துல ரெண்டு மூணு செ.மீ. ஆட்டம் இருக்கும், தட்டையா கெடக்குறது அதுக்குள்ளயே மறைஞ்சிரும், ஸோ உயரத்த விட இன்டென்சிட்டிய, அதாவது திரும்பி வர்ற வெளிச்சத்தோட பலத்த பாருங்க, மணலும் பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி திருப்பி அடிக்காது. ஈர மணல் கருப்பா வரும், அலை ஏறுற எடத்த தனியா பிரிச்சுக்கோங்க. கருவேலத்துக்குள்ள லாஸ்ட் ரிட்டர்ன் (இலையில படாம கீழ வரைக்கும் போய் கடைசியா திரும்புறது) மட்டும் எடுங்க. தரைப் புள்ளிய மட்டும் பிரிச்செடுக்குற கிரவுண்ட் ஃபில்டர ரொம்ப இறுக்குனா டம்மியையும் குப்பைன்னு தூக்கி எறிஞ்சிரும்!

புதைக்கிறதுக்கு, முன்னாடி ஒரு ஸ்கேன், பொதைச்சு கொஞ்ச நாள் விட்டு ஒரு ஸ்கேன், ரெண்டையும் கழிச்சா மண்ணு அமுங்குன எடம் தெரியும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல இது வேலைக்கே ஆகாது, மணல் நகந்து தடமெல்லாம் போயிரும். அப்ப தெர்மல் கேமராவ சாயங்காலம் பறக்கவிடுங்க, அடியில பொருள் இருக்குற மண்ணு ஆறுற வேகமே வேற.

கடல்ல தண்ணிக்குக் கீழ மெதக்குற வெடிக்கு, தண்ணிக்குள்ள போற பச்ச லேசர் வேணும், அமெரிக்க நேவி ஹெலிகாப்டர்ல வச்சிருக்கு, அது நம்ம பட்ஜெட் இல்ல.

வலை மிதவை, அறுந்த செருப்பு எல்லாம் வெடின்னு வரும், வரட்டும், அதையும் தப்புனதையும் சேத்தே எழுதுங்க. முடிஞ்சதும் டம்மிய எண்ணி எடுத்துருங்க, ஒண்ணு விட்டுப்போய் டூரிஸ்ட் எவனாவது பாத்து போலீசுக்கு போன் போட்டா அப்புறம் உங்க பாடு.