விருந்தாளிகளோடு தீவுப் பயணம்: படகுக்காரர்கள் செய்யும் தவறுகள்

வெப்பமண்டலத் தீவு ஒன்றில் பாய்மரப் படகை நிறுத்திவிட்டு சில மாதம் ஊருக்குப் போய்வருகிறார் ஒருவர். அவர் திரும்பிய மறுநாளே நண்பர்கள் வந்து இறங்குகிறார்கள். அதற்கடுத்த நாள் காலை பாய் விரிக்க வேண்டும் என்று திட்டம். பிறகு வரும் குளறுபடிகளில் பாதிக்கு மேல் இந்த அவசரத்தில்தான் தொடங்குகின்றன.

ஆள் இல்லை என்றால் படகு அப்படியே இருக்கும் என்று நினைப்பது முதல் தவறு. அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும். ப்ரொப்பெல்லரில் கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒட்டும். டீசல் தொட்டியில் சேர்ந்த தண்ணீரில் நுண்ணுயிர் பெருகி ஃபில்டரை அடைக்கும். பலர் மறப்பது இம்பெல்லரை. இஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் அது. அதன் இதழ்கள் மாதக்கணக்கில் ஒரே பக்கம் மடங்கிக் கிடந்தால் அப்படியே இறுகிப்போய், ஸ்டார்ட் செய்ததும் ஒன்றிரண்டு பிய்ந்துவிடலாம். பிய்ந்த துண்டு உள்ளே போய்க் குளிர்நீர்ப் பாதையை அடைக்கும். மூடியைக் கழற்றி ஒவ்வோர் இதழையும் விரலால் வளைத்துப் பாருங்கள். அடியில் கீறல் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, புகையோடு தண்ணீரும் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அரைநாள் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நான்கைந்து நாள் பிடிக்கும். நண்பர்களின் டிக்கெட்டை அதற்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

அடுத்தது தேதி. ‘ஒன்பதாம் நாள் அந்தத் தீவிலிருந்து எங்களுக்கு விமானம்’ என்று விருந்தாளி சொன்னதும் தலையாட்டிவிடுகிறோம். கடலில் பழகியவர்கள் இடத்தைச் சொல்வார்கள், இல்லையென்றால் நாளைச் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரே திசையிலிருந்து நிலையாக வீசும் வாணிபக் காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் எதிரே வீசும்போது, 30 கடல்மைல் தூரத்தைக் குறுக்கும் மறுக்குமாகப் போய்த்தான் கடக்க வேண்டும். கணக்கு 40-ஐத் தாண்டிவிடும். விடுமுறைக்கு வந்தவர் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏறும் தீவிலேயே இறங்குவதுபோல் திட்டமிடுங்கள். காற்று மறைவான பக்கமே சுற்றுங்கள், கடைசி இரண்டு நாளை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கழியுங்கள். குமட்டல் மாத்திரையை வாந்தி வந்தபின் கொடுப்பதில் பயனில்லை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டை என்றால் இன்னும் பல மணி நேரம் முன்பே.

பவளப்பாறைகளுக்கு நடுவே போகையில் பிளாட்டரை, அதாவது கடல் வரைபடத்தின் மேல் படகின் இடத்தைக் காட்டும் திரையை, மட்டும் நம்பி ஓட்டுவது ஆபத்து. ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சரியாகத்தான் காட்டும். அடியில் உள்ள வரைபடம் பழைய அளவீட்டில் போட்டதாக இருக்கலாம். சூரியன் உச்சியிலோ முதுகுக்குப் பின்னோ இருக்கும்போது, போலரைஸ்டு கண்ணாடி போட்டு ஒருவரை முன்னால் நிறுத்துங்கள். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை ஆழம் குறைந்த மணல், பழுப்பு என்றால் பாறை. மாலையில் மேற்கே நோக்கி நுழைந்தால் கண்கூசி எதுவும் தெரியாது. இந்தப் பகுதிகளில் அந்தி நீளாது, சட்டென்று இருட்டிவிடும். விருந்தாளிகள் ‘இன்னும் ஒரு தடவை நீந்திவிட்டு வருகிறோமே’ என்று கெஞ்சினாலும் மூன்று மணிக்குள் நங்கூரம் போட்டாக வேண்டும்.

நங்கூரத்திலும் ஒரு கணக்குப் பிசகு நடக்கிறது. ஆழமானி 6 மீட்டர் காட்டினால் ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி போதும் என்று விட்டுவிடுவார்கள். நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை ஒரு மீட்டர் உயரம், வரவிருக்கும் கடல் ஏற்றம் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஆழம் 8. சங்கிலி 40 மீட்டர் வேண்டும். அதையும் மணலில்தான் போட வேண்டும். பவளத்தில் போட்டால் சங்கிலி சுற்றிக்கொள்ளும், பவளமும் செத்துப்போகும்.

பாதுகாப்பு பற்றிப் பேச வெட்கப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நண்பர்களிடம் வாத்தியார் மாதிரி நிற்பானேன் என்று. பத்து நிமிடம் போதும். பூம் (பாயின் அடியில் உள்ள குறுக்குக் கம்பம்) எந்தப் பக்கம் எப்படி வீசும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் விரல் எங்கே வைக்கக்கூடாது, விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் எப்படிக் கூப்பிடுவது, நீங்களே தண்ணீரில் விழுந்தால் அவர்கள் படகை எப்படி நிறுத்துவது. கடைசி விஷயத்தைச் செய்தும் காட்டுங்கள். கழிவறையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். வெட் வைப்ஸ் போனால் பம்பைக் கழற்றப்போவது அவர்கள் அல்ல.

விமானத்தில் வருபவரைப் படகின் பயணிப் பட்டியலில் சேர்க்காமல் அடுத்த நாட்டுக்குக் கூட்டிப்போனால் குடிவரவு அலுவலகத்தில் மாட்டிக்கொள்வது கேப்டன்தான். செலவைப் பகிர்வது வேறு, கட்டணம் வாங்குவது வேறு. பல நாடுகளில் உரிமம் இல்லாமல் காசு வாங்கிச் சவாரி விடுவது குற்றம்.

தூண்டிலில் பெரிய பாரகுடா சிக்கினால் எல்லோரும் குதூகலிப்பார்கள். பவளப்பாறைப் பகுதியின் பெரிய கொன்றுண்ணி மீன்களில் சிகுவாடெரா நச்சு இருக்கலாம். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது போகாது. அந்தப் பகுதியில் எதைச் சாப்பிடலாம் என்று உள்ளூர் மீனவரைக் கேட்டபின் அடுப்பை மூட்டுங்கள்.

புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் ஆக்சிஜன் சிலிண்டர் கட்டி முங்குவதும் வேண்டாம். ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரமாவது, பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். (அந்தச் சிலிண்டரில் பெரும்பாலும் இருப்பது வெறும் காற்றுதான், பேர் அப்படி நிலைத்துவிட்டது.) அன்றைக்கு ஸ்நோர்கல் மாட்டிக்கொண்டு மேலே மிதக்கட்டும், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.