கண்ணால் பேச ஒரு பலகை: வீட்டிலேயே செய்துகொள்ளும் முறை

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் பலருக்குச் சொல்ல வேண்டியது மனத்தில் தெளிவாக இருந்தும், நாவும் கையும் சொன்னபடி கேட்பதில்லை. அவர்களுள் உடல் தன்போக்கில் அசையும் வகையினர், ஒரு படத்தைத் தொட எவ்வளவு முயல்கிறார்களோ அவ்வளவுக்கு உடல் விறைத்துக் கை விலகிப்போகும். அத்தகைய குழந்தைக்குக் கண்ணசைவு கைகொடுக்கக்கூடும்: படங்கள் ஒட்டிய பலகையை முன்னால் பிடித்தால், குழந்தை எந்தப் படத்தைப் பார்க்கிறது என்பதைக் கொண்டு அது சொல்ல வருவதை அறியலாம். பார்வைக் குறைபாடும் இவர்களிடம் அதிகம் என்பதால், தொடங்குமுன் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

1. ஏ3 அளவில் மறுபக்கம் தெளிவாகத் தெரியும் அக்ரிலிக் (பிளாஸ்டிக்) தகடு வாங்கி, நடுவில் உங்கள் முகம் தெரியுமளவு சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். நான்கு மூலைகளிலும், குழந்தையை நோக்கியபடி, படங்களை ஒட்டுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் அதற்குரிய சொல்லை எழுதிவிட்டால், குழந்தையின் வலப்பக்கம் உங்களுக்கு இடப்பக்கமாகத் தெரியும் குழப்பம் நீங்கும்.

2. இட்லி, தண்ணீர், கழிப்பறை என்று தேவைகளை மட்டும் ஒட்டுவது வழக்கம். 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்' ஆகியவையே முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மறுக்க வழியில்லாத குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு மொழி இல்லை. நான்காவது மூலையில் 'வேறு ஏதோ' இருக்கட்டும். அதைப் பார்த்தால், நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம்.

3. இடுப்பு நாற்காலியோடு ஒட்டியிருக்க, பாதங்கள் ஊன்றியிருக்க, தலைக்குத் தாங்கல் கொடுத்து அமர்த்துங்கள். பலகையைக் கண் மட்டத்தில், சுமார் இரண்டடி தள்ளிப் பிடியுங்கள்.

4. முதல் சில வாரங்களுக்குப் பேசுபவர் நீங்கள்தான். சோறு ஊட்டும்போது 'இன்னும்' என்று சொல்லியபடியே அந்தப் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். பிறகு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறக்காமல் காத்திருங்கள். பெரியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒருநாள் நான் சீப்பை எடுத்தபோது, என் மகளின் கண் மெல்ல மேலேறி 'வேண்டாம்' மூலையில் நின்று, பின் நான் புரிந்துகொண்டேனா என்று என் முகத்துக்குத் திரும்பியது. சீப்பைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சொன்னது நடந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

5. நான்கு சொற்கள் போதாமற்போகும்போது கைக்கணினிக்குச் செல்லலாம். சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். தொட இயலாத குழந்தைக்கு, ஆண்ட்ராய்டில் 'ஸ்விட்ச் ஆக்சஸ்' என்ற வசதி உண்டு. திரையில் கட்டம் ஒவ்வொன்றாக நகர்ந்து வர, வேண்டியது வந்ததும் முழங்காலாலோ கன்னத்தாலோ ஒரே பொத்தானை அழுத்தினால் போதும். அப்போதும் பலகையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். குளியலறையிலும், மின்னூட்டம் தீர்ந்த நேரத்திலும் அதுதான் உதவும்.