'போல் உவோஸ்மெய்' என்றால் எட்டரை அல்ல: ஸ்லோவாக்கியப் பள்ளியின் முதல் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏ.எஃப்.எஸ்., ஒய்.எஃப்.யூ., ரோட்டரி போன்ற அமைப்புகளின் மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் வழியாக ஸ்லோவாக்கியாவுக்குச் செல்லும் பதினாறு, பதினேழு வயது மாணவருக்குப் பெரும்பாலும் 'கிம்னாசியம்' ஒன்றில்தான் இடம் கிடைக்கிறது. பெயரைக் கேட்டு அதை உடற்பயிற்சிக் கூடம் என்று எண்ணிவிட வேண்டாம்; பல்கலைக்கழகப் படிப்புக்கு மாணவரைத் தயார்செய்யும் பொதுக்கல்விப் பள்ளிக்கு மத்திய ஐரோப்பாவில் வழங்கும் பெயர் அது. புறப்படுவதற்கு முன் இம்மாணவர்கள் மொழியை எண்ணியே கவலைப்படுகிறார்கள். ஆனால் முதல் சில நாட்களில் நேரும் சங்கடங்களில் பாதிக்கு மேல் மொழி தெரியாததால் வருவதில்லை என்பதே என் கருத்து. நம் ஊர்ப் பள்ளி எப்படியோ அப்படித்தான் அங்கும் இருக்கும் என்றோ, ஐரோப்பா என்றாலே எல்லாம் தளர்வாகத்தான் இருக்கும் என்றோ யாரையும் கேளாமல் முடிவுசெய்துகொள்வதால்தான் அவை வருகின்றன.

பள்ளிக்குள் நுழைவதற்கு முன்பே செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நாட்டுக்குள் நுழைந்த மூன்று வேலை நாட்களுக்குள் காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் தங்கள் வருகையைத் தெரிவித்தாக வேண்டும். பள்ளி தொடங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது. தங்கியிருக்கும் குடும்பத்தினர் உடன் வந்தால் வேலை எளிதாக முடியும்.

கடிகாரமும் காலணியும்

கல்வியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. 1992-இல் அதே தேதியில்தான் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது என்பதால், 2023 வரை அன்று விடுமுறையாக இருந்தது; மாணவர்கள் அதற்கு அடுத்து வரும் வேலை நாளில்தான் பள்ளியில் கூடினார்கள். 2024 முதல் அது விடுமுறை நாள் அன்று என்பதால், முதல் நாள் எது என்று பள்ளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த முதல் நாளில் பாடம் நடப்பதில்லை. தலைமையாசிரியர் பேசுவார், வகுப்பாசிரியர் அட்டவணையையும் விதிகளையும் அறிவிப்பார், ஓரிரு மணி நேரத்தில் எல்லோரும் கலைந்துவிடுவார்கள். பாடமே இல்லாத நாள்தானே என்று வீட்டில் தங்கிவிடுவது பெரிய பிழை. அன்று சொல்லப்படுபவை மறுபடி சொல்லப்படாமலே போகலாம். சீருடை இல்லை என்றாலும் அன்றைக்குச் சற்று நேர்த்தியாக உடுத்திச் செல்வது வழக்கம்.

மறுநாளிலிருந்து வகுப்புகள் காலை எட்டு மணியளவில், பல பள்ளிகளில் அதற்குச் சில நிமிடங்கள் முன்பாகவே, தொடங்கிவிடும். 'போல் உவோஸ்மெய்' மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நில் என்று வகுப்புத் தோழர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'போல்' என்றால் பாதி, பின்னால் வருவது எட்டைக் குறிக்கும் சொல் என்று தெரிந்த தமிழ் மாணவர், அதை எட்டரை என்றே எடுத்துக்கொள்வார். அவர் சொன்னதோ ஏழரை. நாம் கடந்துபோன மணியோடு காலையும் அரையையும் முக்காலையும் கூட்டுகிறோம். ஸ்லோவாக் மொழியிலோ வரப்போகும் மணியில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அதன்படி 'எட்டுக்குக் கால்' என்ற பொருள்படும் 'ஷ்த்வர்ச் நா ஓசெம்' ஏழேகாலையும், 'எட்டுக்கு முக்கால்' என்ற பொருள்படும் 'திரிஷ்த்வர்தே நா ஓசெம்' ஏழேமுக்காலையும் குறிக்கும். ஒவ்வொரு முறையும் முழுதாக ஒரு மணி நேரம் பிந்திப் போய் நிற்பதைவிட, முதல் மாதம் முழுவதும் நேரத்தை எண்ணில் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். 'ஹொதினா' என்பது அறுபது நிமிட மணி நேரத்தையும் குறிக்கும், நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையையும் குறிக்கும்.

காலணியைப் பொறுத்தவரை, வாசலில் கழற்றிவிடும் பழக்கம் நமக்கு இருப்பதால் அங்கே சிக்கல் வராது என்று தோன்றும். உண்மையில் அந்தப் பழக்கத்தில் பாதிதான் பொருந்துகிறது. ஸ்லோவாக்கிய வீட்டில் காலணியைக் கழற்றிவிட்டு, உள்ளே அணியும் 'பாபுச்சே' என்ற செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு தரையில் நடந்தால் சளி பிடித்துவிடும் என்று வீட்டுப் பாட்டி கலங்கிவிடுவார். பல பள்ளிகளிலும் இதே முறைதான்: தெருவில் அணிந்து வந்த காலணியை உடைமாற்றும் அறையிலோ பூட்டுப்பெட்டியிலோ வைத்துவிட்டு, 'ப்ரெசுவ்கி' எனப்படும் உள்காலணியை அணிந்தே வகுப்புக்குப் போக வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கென்று தனியாக ஒரு சுத்தமான சோடி தேவைப்படும். பெட்டியின் எடையை எண்ணி ஒரே ஒரு சோடியோடு வந்து இறங்குபவர்கள் முதல் வாரமே கடைக்கு ஓட நேரும்.

யாரை எப்படி அழைப்பது

கடலே இல்லாத அந்த நாட்டில், மாலுமிகளின் கூவலாகிய 'அஹோய்' என்பதே நண்பர்களுக்கு இடையிலான வணக்கம். இதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் ஆசிரியரிடமும் பள்ளி அலுவலகத்திலும் அதையே சொல்லிவிடுவது மிகப் பரவலான தவறு. பெரியவர்களுக்கு 'தோப்ரீ தென்' என்றே சொல்ல வேண்டும். நடைவழியில் எதிர்ப்படும் ஆசிரியருக்கு, அவர் நமக்குப் பாடம் எடுக்காதவராயினும், மாணவர்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளருக்கும் சமையற்கூடத்தாருக்கும் அதே வணக்கம் உரியது. வகுப்பில் ஆசிரியர் நுழைந்ததும் எழுந்து நிற்கும் வழக்கமும் அங்கே உண்டு. அமெரிக்கப் படங்களில் பார்த்த வகுப்பறையை மனத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர் தனித்துத் தெரிவார்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு ஸ்லோவாக்கிலும் இருப்பதால் தமிழருக்கு அந்த உணர்வு புதிதன்று. ஆனாலும் ஆங்கிலத்தின் வழியாக மொழியைக் கற்றுக்கொண்டு போகிறவர்கள், செயலிகள் முதலில் சொல்லித் தரும் 'அக்கோ ஸா மாஷ்' என்ற வாக்கியத்தை எல்லோரிடமும் பயன்படுத்திவிடுகிறார்கள். அது 'எப்படி இருக்கிறாய்' என்பது. ஆசிரியரிடம் 'அக்கோ ஸா மாத்தே' என்றே கேட்க வேண்டும். கிம்னாசியத்தில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஆணாயின் 'பான் ப்ரொஃபெசோர்', பெண்ணாயின் 'பானி ப்ரொஃபெசோர்கா' என்பதே மரபு. தங்கியிருக்கும் வீட்டின் பெற்றோர், 'நீ என்றே கூப்பிடு' என்று தாமே சொல்லும்வரை மரியாதை வடிவத்திலேயே பேசுவது பாதுகாப்பானது.

நம்முடைய பெயரே ஒரு சிக்கல்தான். ஸ்லோவாக்கிய வகுப்புப் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வரும். குடும்பப் பெயர் இல்லாத நமக்குக் கடவுச்சீட்டின் அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயர் நிற்பதால், ஆசிரியர் முதல் நாள் பெயர் கூப்பிடும்போது அப்பாவின் பெயர்தான் ஒலிக்கும்; மாணவரோ தன்னை அழைக்கவில்லை என்று பேசாமல் உட்கார்ந்திருப்பார். பெண்களின் குடும்பப் பெயரோடு 'ஓவா' என்ற விகுதி சேர்வது அம்மொழியின் வழக்கம் என்பதால், பேச்சுவாக்கில் முருகேசனின் மகள் 'முருகேசனோவா' ஆகிவிடவும் கூடும். இதற்கு வருத்தப்படத் தேவையில்லை. எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்பதை வகுப்பாசிரியரிடம் முதல் நாளே சொல்லி, பட்டியலிலும் குறித்துக்கொள்ளச் செய்தால் போதும்.

அமைதியைப் பகை என்று எண்ணுவது

எல்லாவற்றிலும் அதிக வேதனை தரும் தவறு இதுதான். ஸ்லோவாக்கியப் பள்ளியில் 'திரியெதா' எனப்படும் வகுப்பு என்பது ஓர் அறை மட்டுமல்ல, ஒரு குழு. ஏறத்தாழ ஒரே மாணவர்கள், ஒரே வகுப்பாசிரியரின் பொறுப்பில், நான்கு ஆண்டுகள் சேர்ந்தே படிக்கிறார்கள். பதினோரு வயதளவில் சேரும் எட்டாண்டுக் கிம்னாசியமாக இருந்தால் அந்த உறவு இன்னும் பழையது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ உள்ளே வரும் பரிமாற்ற மாணவர், யார் யாருக்கு நண்பர், எந்த நகைச்சுவை எங்கே தொடங்கியது என்பதெல்லாம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட ஓர் இடத்துக்கு வருகிறார். அவரைச் சூழ்ந்துகொண்டு நாடு, குடும்பம், சாப்பாடு என்று கேள்வி கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துப்போகும். இரண்டு பேர் புன்னகைப்பார்கள், ஒருவர் கைகுலுக்குவார், மற்றவர்கள் தங்கள் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவார்கள்.

இதைக் கண்டதும் மாணவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, தம்மை யாருக்கும் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, இடைவேளை முழுவதும் ஊரில் இருப்பவர்களோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே இருப்பது. அந்தக் காட்சியைப் பார்க்கும் வகுப்புத் தோழர்கள், இவருக்கு நம்மோடு பேச விருப்பமில்லை போலும் என்று எண்ணி ஒதுங்கிவிடுவார்கள். மற்றொன்று, யாரேனும் வந்து அழைக்கும்வரை காத்திருப்பது. அங்கே அந்த வயதினர் பலர் தங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சம் கொண்டவர்கள். தவறாகப் பேசிவிடுவோமோ என்ற தயக்கத்தால்தான் நெருங்காமல் இருக்கிறார்கள். நீங்கள் முதலில் பேசினால் அந்தத் தயக்கம் தானாகத் தளரும்.

பேச்சைத் தொடங்கப் பெரிய திறமை எதுவும் வேண்டாம். மேசைகள் இருவர் அமரக்கூடியவை, ஒவ்வோர் இடத்துக்கும் ஏற்கெனவே உரிமையாளர் இருப்பார். ஆகவே காலியாகத் தெரிந்த இடத்தில் உட்கார்ந்துவிடாமல், 'யே து வொல்னே' என்று, இந்த இடம் காலியா எனக் கேட்டு உட்காருங்கள். அந்தக் கேள்வியே முதல் உரையாடலாகிவிடும். காலை நடுவேளையில் எல்லோரும் வீட்டிலிருந்து கொண்டுவந்த 'தெசியாதா' என்னும் சிற்றுண்டியை உண்ணும் நீண்ட இடைவேளையில் மேசையிலேயே இருங்கள். வகுப்பின் குறுஞ்செய்திக் குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி நீங்களாகவே கேளுங்கள். சேர்க்க மறந்திருப்பார்களே தவிர, மறுத்திருக்க மாட்டார்கள். பல பள்ளிகளில் கரும்பலகையைத் துடைப்பதற்கும் வராதவர்களின் பெயரை ஆசிரியரிடம் சொல்வதற்கும் வாரம்தோறும் முறைவைத்து ஆட்களை நியமிப்பார்கள். 'தீஷ்தெனிக்' என்று அவர்களுக்குப் பெயர். விருந்தாளி என்பதால் உங்களை விட்டுவிடுவார்கள். அதை ஏற்றுக்கொள்ளாமல் உங்கள் முறையைக் கேட்டு வாங்குங்கள். வகுப்பில் எல்லோருடைய பெயரையும் அறிந்துகொள்ள அதைவிட விரைவான வழி இல்லை.

தலையாட்டலும் 'நோ'வும்

நம்முடைய பக்கவாட்டுத் தலையாட்டல் அங்கே இல்லை. புரிந்ததா என்று ஆசிரியர் கேட்கும்போது நாம் 'சரி' என்ற பொருளில் தலையை ஆட்டினால், அவருக்கு அது மறுப்பாகவோ தடுமாற்றமாகவோ தெரியும். வாய்விட்டுச் சொல்வதே நல்லது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஆம்' என்பதற்கு முறையான சொல் 'ஆனோ'. அன்றாடப் பேச்சில் 'ஹெய்'. அது நம் காதுக்கு யாரோ அதட்டுவது போலக் கேட்கும். 'நோ' என்று ஒருவர் இழுத்தால் அது ஆங்கில மறுப்பு அன்று, 'ம், ஆமாம்' அல்லது 'அது வந்து' என்பதற்கு நெருக்கமானது. புரியாத இடத்திலெல்லாம் புன்னகைத்து ஆமோதிப்பதைத் தவிர்க்க வேண்டும். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது மறுநாள்தான் தெரியவரும்.

மொழியில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் மொழி அது: 'சுத்' என்றால் பீப்பாய், 'சூத்' என்றால் நீதிமன்றம். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் இதில் திணறும்போது தமிழருக்கு இது இயல்பாக வரும். உயிரெழுத்தே இல்லாத 'வ்ல்க்', 'ப்ர்ஸ்த்' போன்ற சொற்களில் நாம் உகரத்தைச் சேர்த்துவிடுவோம். அதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை. ஆனால் நாட்டை ஸ்லோவேனியா என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ சொல்வதைப் பொறுத்துக்கொள்ளச் சற்றுச் சிரமப்படுவார்கள். செக் நாடும் ஸ்லோவாக்கியாவும் 1993 ஜனவரி 1 அன்றே பிரிந்துவிட்டன. செக் மொழி அவர்களுக்குத் தடையின்றிப் புரியும் என்பதனால் ஸ்லோவாக்கை அதன் கிளைமொழி என்று கூறுவதும் வேண்டாம். 1843-இலேயே லுதோவித் ஷ்தூர் என்ற ஸ்லோவாக்கிய அறிஞர் அதற்கு எழுத்துவழக்கை வகுத்தார்.

மதிப்பெண்ணும் மதிய உணவும்

அங்கே மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஒன்றுதான் சிறந்தது, ஐந்து என்றால் தோல்வி. தாளில் பெரிய ஐந்தைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. 'பீசொம்கா' என்னும் எழுத்துத் தேர்வு போதாதென்று, பாடத்தின் தொடக்கத்தில் ஒருவரைப் பலகைக்கு அழைத்து எல்லோர் முன்னும் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும் 'ஸ்கூஷானியே'வும் உண்டு. பரிமாற்ற மாணவருக்கு மதிப்பெண் இடுவார்களா, எந்தப் பாடங்களில் சலுகை தருவார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். எனவே தமக்குத் தேர்வே இல்லை என்று தாமாக எண்ணிக்கொள்ளாமல் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். அட்டவணை மாற்றம், ஆசிரியர் விடுப்பு, வீட்டுப்பாடம், மதிப்பெண் யாவும் பெரும்பாலான பள்ளிகளில் எடுபேஜ் என்ற செயலி வழியாகவே வருகின்றன. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதவர் காலி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்.

உணவுக்கூடத்தில் வரிசையில் நின்று பிடித்ததை வாங்கலாம் என்பதும் தவறான எண்ணம். முன்பதிவு செய்தவர்களுக்கே தட்டு. வரப்போவதில்லை என்றால் முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும், இல்லையேல் உண்ணாத உணவுக்கும் கணக்கில் பணம் கழியும். முதலில் 'பொலியெவ்கா' என்னும் சூப், பிறகே முதன்மை உணவு. சைவர்கள் 'இறைச்சி உண்பதில்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. சூப்புக்கு இறைச்சிச் சாறு அடிப்படையாக இருக்கலாம். உருளைக்கிழங்கு மாவு உருண்டைகளில் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியைக் கலந்து தரும் 'ப்ரிந்த்சோவே ஹலுஷ்கி' என்ற தேசிய உணவின் மேல் வறுத்த பன்றிக் கொழுப்பைத் தூவுவார்கள். அதனால் 'பெஸ் ஸ்லானினி', அதாவது பன்றிக் கொழுப்பு இல்லாமல், என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும். சில நாட்களில் சர்க்கரையும் அரைத்த கசகசாவும் தூவிய மாவுப் பண்டமே முதன்மை உணவாக வரும். அதை இனிப்பு என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தால், அடுத்தது எதுவும் வராது. அன்றைய சாப்பாடே அதுதான்.