திருகோணமலையில் புதிதாக வீடு எடுப்பவர்களுக்கு: அடுப்புக்குப் பின்னாலிருக்கும் சுவர்

தமிழ்நாட்டிலிருந்தோ, லண்டன், ரொறன்ரோவிலிருந்தோ வந்து திருகோணமலையில் குடியேறுபவர்கள் குசினி என்றதும் பன்ட்ரி கபட்டின் நிறத்தைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறார்கள். அடுப்புக்குப் பின்னால் என்ன ஒட்டுவது என்பதைக் கடைசி நாளில் மேசன் கேட்கும்போதுதான் யோசிக்கிறார்கள். தயவுசெய்து அதை முதலில் யோசியுங்கள். டச்பே பக்கம் எடுத்தாலும் உப்புவெளியில் எடுத்தாலும் கடல் கிட்டத்தான் இருக்கும். உப்புக் காற்று யன்னலால் வந்து எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தூசியும் அதோடு சேரும். தினமும் மீனும் தாளிதமும் நடக்கிற வீட்டில் துடைத்தால் போகிற சுவர்தான் வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

என் தெரிவு சாதாரண பளபளப்பான செராமிக் டைல்ஸ்தான், அதுவும் ஓரடிக்கு இரண்டடி போன்ற பெரிய அளவு. சின்னச் சின்ன மொசைக் கடையில் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இணைப்புக் கோடுகள் பல மடங்கு கூடும், கறை பிடிப்பது அந்தக் கோடுகளில்தான். கல் மாதிரிச் சொரசொரப்பான டைல்ஸும் வேண்டாம், எண்ணெய் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். வெள்ளைச் சீமெந்து போட்டு இணைப்பை அடைத்தால் மஞ்சள் அதில் ஊறிவிடும். சோப்புப் போட்டுத் தேய்த்ததும் அது சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவக்கிறதே, அதுதான் நடக்கிறது. அடுப்புக்குப் பின்பகுதிக்கு மட்டுமாவது எபோக்சி கிரவுட், அதாவது இணைப்பை அடைக்கிற பிசின் கலவை, வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அது எண்ணெயையும் மஞ்சளையும் லேசில் உள்ளே விடாது. ஒன்று, அது சீக்கிரம் இறுகிவிடும், அதனால் வழிந்ததை உடனுக்குடன் துடைக்கிற ஆளாகப் பார்த்துப் பிடியுங்கள்.

மார்பிளை இந்த இடத்தில் போடாதீர்கள், தேசிக்காயும் புளியும் பட்ட இடம் மங்கிப் போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு என்றால் கடற்கரை வீட்டில் 304 ரகத்திலேயே பழுப்புப் புள்ளி வரும், 316 தாக்குப்பிடிக்கும், அப்போதும் அடிக்கடி நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். கண்ணாடி போட ஆசையென்றால் டெம்பர் செய்த, அதாவது சூடாக்கி உறுதியாக்கிய, கண்ணாடியாக இருக்கட்டும், பிளக்குக்கான துளையை டெம்பர் செய்வதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும், பிறகு வெட்டப் போனால் முழுதும் நொறுங்கும். பிவிசி ஷீட், ஒட்டுத்தாள் எதையும் கேஸ் அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம், சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும்.

இனி, டைல்ஸை விட முக்கியமானது அதன் பின்னாலிருக்கும் பூச்சு. உவர்க் கிணற்றுத் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ சாந்து குழைத்திருந்தால் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், அப்படிப்பட்ட சுவரில் எவ்வளவு நல்ல டைல்ஸ் ஒட்டினாலும் கழன்று வரும். மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில்தான் கடலில் கலக்கிறது, நல்ல ஆற்று மணலுக்கு இங்கே வழியுண்டு. பழைய வீடென்றால் உப்புப் பூத்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக் காய விடுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் சுவர் காயவே காயாது, மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது. ஒட்டி இறுகியதும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் காசு கொடுக்க முதலே மாற்றச் சொல்லுங்கள்.

கணக்கு சுலபம். எட்டடி நீளம், இரண்டடி உயரம் என்றால் 16 சதுர அடி, ஓரடிக்கு இரண்டடி டைல்ஸில் எட்டு வரும், வெட்டு உடைவுக்குச் சேர்த்துப் பத்து வாங்குங்கள். பெட்டிகளில் பட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், மாறினால் நிறம் கொஞ்சம் வித்தியாசப்படும். மேல் கபட் இல்லாத இடத்தில், முக்கியமாக அடுப்புக்கு நேரே, இரண்டடியோடு நிறுத்தாமல் மேலே கொண்டுபோங்கள். பிளக் பொயின்ட் எத்தனை, எங்கே என்பதை வயரிங் ஆளோடு டைல்ஸுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இந்தியாவிலிருந்து மிக்ஸி கொண்டு வருபவர்கள் கவனிக்க வேண்டியது, இங்கே புது வீடுகளில் இப்போது சதுர முள் பிளக்தான்.

வாடகை வீடா? சுவரில் கை வைக்க முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், கழுவக்கூடிய பெயின்ட் ஒரு கோட் அடிக்கத்தான் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அடுப்புக்குப் பின்னால் ஒரு டெம்பர் கண்ணாடியைக் கிளிப் வைத்து நிறுத்திக்கொள்ளலாம், போகும்போது கழற்றி எடுத்துப் போகலாம். அப்புறம், பின்னால் விறகடுப்புக் குசினி இருக்கிற வீடு கிடைத்தால் அதை இடிக்காதீர்கள். 2022 இல் கேஸ் இல்லாமல் எல்லாரும் தவித்தபோது அதுதான் சோறு போட்டது. மீன் பொரிப்பதை அங்கே வைத்துக்கொண்டால் உள்ளே சுவர் பாதி அழுக்குப்படாது, அங்கே டைல்ஸ் தேவையில்லை, வழுவழுப்பான சீமெந்துப் பூச்சு போதும்.