கார் ரப்பர் மேட்: பளபளப்புக்கு ஆசைப்பட்டுச் செய்யும் தவறுகள்

சுத்தமான ரப்பர் மேட் பளபளக்காது. மங்கலான கறுப்பில், கையால் தடவினால் லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். அதுதான் அதன் நல்ல நிலை. இது மனதில் பதிந்துவிட்டால், மேட்டைக் கழுவுகிறேன் என்று நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை தானாகவே நின்றுவிடும்.

முதலில் டயர் பாலிஷ். வாட்டர் வாஷுக்கு வண்டியை விட்டால், டயருக்குப் பூசிய அதே ஸ்பாஞ்சால் மேட்டையும் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும். ஆனால் அந்த பாலிஷில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். அது மேட்டின் மேல் வழுக்கும் படலமாக நிற்கும், செருப்பின் அடியில் ஒட்டும், அங்கிருந்து பிரேக்குக்கும் கிளட்சுக்கும் போய்ச் சேரும். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் நெரிசலில் முன்னால் போகிற ஆட்டோ சட்டென்று நிற்கும்போது, பிரேக்கில் வைத்த கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டியை விடும்போதே "மேட்டுக்கு பாலிஷ் வேண்டாம் தம்பி, கழுவி மட்டும் கொடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. ஏற்கெனவே பூசிவிட்டார்களா? கார் ஷாம்பு போட்டு பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பிறகு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பிசுபிசுப்பு ஏறினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். பெடல்களையும் துடைக்க மறக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கமும் இதே ரகம்தான். எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதை மெல்ல உப்பவும் தளரவும் வைக்கும். மேலூர், அழகர்கோவில் பக்கம் ஒரு தடவை போய் வந்தால், எண்ணெய் தடவிய மேட்டில் செம்மண் புழுதி அப்பிக்கொண்டு, கழுவுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடும்.

கிரீஸ் கறைக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் என்று கையில் கிடைத்ததை எடுப்பவர்கள் உண்டு. துணியில் கறுப்பு ஏறுவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். அதில் ரப்பரின் கறுப்பும் சேர்ந்தே வருகிறது. இந்தத் திரவங்கள் சாதாரண ரப்பரை வீங்க வைக்கும், ஓரங்கள் சுருண்டு மேலே எழும்பும். அடைத்த காருக்குள் அந்த ஆவி நிற்பது தலைவலி மட்டுமல்ல, தீ ஆபத்தும்கூட. கிரீஸோ பரோட்டா பார்சலில் ஒழுகிய சால்னாவோ, எண்ணெய்ப் பசை எதுவானாலும் பாத்திரம் கழுவும் லிக்விடில் இரண்டு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் ஊற வைத்து, துணி துவைக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கழிப்பறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் மேட் பக்கமே வரக் கூடாது. கம்பி நாரும் அப்படித்தான். அது போடும் நுண்ணிய கீறல்களில்தான் அடுத்த வாரத்து அழுக்கு குடியேறும்.

இன்னொன்று: பழைய ரப்பர் மேட்டின் மேல் சில நேரம் சாம்பல் பூத்ததுபோல் ஒரு மங்கல் தெரியும். வெளுத்துப்போய்விட்டது என்று அதைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம். ரப்பர் வெடிக்காமல் இருக்கத் தயாரிக்கும்போதே கலக்கும் மெழுகு, மெல்ல மேலே வந்து படிவதால் வரும் மங்கலாக அது இருக்கலாம். காற்றில் உள்ள ஓசோனிலிருந்து ரப்பரைக் காப்பது அந்தப் படலம்தான்.

நம் ஊர் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திருமங்கலம் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் காட்டில் மழை நேரத்தில் இறங்கி நடந்துவிட்டுக் காரில் ஏறினால், செருப்போடு ஒரு கிலோ மண்ணும் ஏறும். உடனே ஈரத் துணியை எடுத்துத் துடைப்பது பெரிய தவறு. கரிசல் ஈரத்தில் உப்பிப் பசையாகிவிடும், துடைக்கத் துடைக்க மேட்டின் வரிப்பள்ளங்களுக்குள் அப்பிக்கொள்ளும். அதை அப்படியே விட்டு நன்றாகக் காய விடுங்கள். காயும்போது கரிசல் சுருங்கும், வெடிப்பு விடும், ஓரம் தூக்கிக்கொள்ளும். அப்போது மேட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பின்பக்கம் நாலு தட்டுத் தட்டினால் வில்லை வில்லையாக உதிர்ந்துவிடும். மிச்சத்துக்குத்தான் தண்ணீர். செம்மண் வேறு மாதிரி. அதன் இரும்புச் சிவப்பு வரிகளுக்குள் சாயம்போலத் தங்கும். காய்ந்த தூசியை முதலில் உதறிவிட்டு, ஷாம்புத் தண்ணீரில் வரியின் போக்கிலேயே பிரஷை ஓட்ட வேண்டும்.

மண்ணுக்கு அடுத்தது தண்ணீர். மதுரையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அதில் கழுவிய கறுப்பு மேட் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். அழுக்கு போகவில்லை என்று சோப்புக் கட்டியைத் தேய்த்தால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து பள்ளங்களில் படியும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துவோம் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் உப்பு இன்னும் கூடுதலாக இருப்பது அதில்தான். மாறாக, வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு வாளியில் பிடித்து வைத்துக் கடைசியாக அலசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்ட வெள்ளைத் திட்டுக்கு, வினிகரில் நாலைந்து மடங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பிறகு அலசிவிட்டால் சரியாகிவிடும்.

பிரஷர் வாஷரை மேட்டோடு ஒட்டிப் பிடித்து அடிப்பதும் வேண்டாம். ஒரு அடியாவது தள்ளிப் பிடிக்க வேண்டும். மேட்டைக் காருக்குள் வைத்தபடியே தண்ணீர் அடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கழுவியாயிற்று. மொட்டை மாடியில் வெயிலில் போட்டுவிடுவதுதான் அடுத்து நாம் எல்லாரும் செய்வது. மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மாடித் தரையில் கால் வைக்க முடியாது. ரப்பரை விறைக்க வைத்து வெடிக்க விடுவது இந்த வெப்பமும் புற ஊதாக் கதிரும்தான். அதிலும் ரப்பர் என்ற பெயரில் விற்பதில் நிறைய உண்மையில் பி.வி.சி. அது சூட்டில் இளகி, கிடக்கும் வாக்கில் வளைந்து, பிறகு அப்படியே விறைத்துவிடும். வேப்ப மர நிழலிலோ போர்டிகோவிலோ கொடியில் தொங்கவிட்டால் போதும். மதுரைக் காற்றுக்குச் சீக்கிரமே காய்ந்துவிடும்.

அவசரத்துக்கு ஈரத்தோடு உள்ளே போடுவது இதைவிடக் கெடுதல். மேட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அடியில் உள்ள முள் முள்ளான பகுதியில் தண்ணீர் நிற்கும். அது கார்பெட்டுக்குள் இறங்கினால் ரப்பர் அதை மூடியே வைத்திருக்கும், காயாது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் காருக்குள் வரும் பூஞ்சை நாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான். நாளடைவில் தகரமும் துருப்பிடிக்கும். ஜிகர்தண்டா கொட்டினால் அன்றைக்கே மேட்டைத் தூக்கி அடியையும் பார்க்க வேண்டும். மேலே துடைத்தால் போதும் என்று விட்டால், ஓரத்தில் வழிந்த பால் கார்பெட்டில் புளித்துவிடும். கழுவவே இல்லை, மழையும் இல்லை, ஆனாலும் முன்பக்கத்து மேட்டுக்கு அடியில் ஈரமாக இருக்கிறதா? காரின் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, கழுவிய மேட்டைத் திரும்பப் போடும் விதம். ஓட்டுநர் பக்க மேட்டில் இருக்கும் ஓட்டையில் தரையில் உள்ள கிளிப்பை மாட்டாமல் சும்மா வைத்துவிடுகிறார்கள். சிலர் பழைய மேட் அழுக்காகக் கூடாது என்று அதன் மேலேயே இன்னொன்றைப் போடுகிறார்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் இ.எஸ். 350 கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி மோதி, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள். அந்தக் காரில் கிடந்தது வேறு மாடலுக்கு உரிய ரப்பர் மேட். ஆக்ஸிலேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அதைத் தொடர்ந்து டொயோட்டா அங்கே ஏறத்தாழ 38 லட்சம் கார்களின் உரிமையாளர்களிடம் ஓட்டுநர் பக்க மேட்டை எடுத்துவிடச் சொன்னது. சர்வீஸ் முடிந்து வரும்போது மேட்டின் மேல் போட்டுக் கொடுக்கும் காகிதத்தையும் ஓட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், அதுவும் பெடலுக்கு அடியில் நகரும்.

மேட்டை மாட்டியதும் என்ஜினை அணைத்த நிலையிலேயே ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை மிதித்து விட்டுப் பாருங்கள். பிரேக்கையும் கிளட்சையும் அதேபோல. எதிலாவது மேட்டின் ஓரம் உரசினாலோ, பெடல் மேலே வரத் தயங்கினாலோ, ஓரத்தைக் கத்தரித்துச் சமாளிக்க வேண்டாம். அந்த மேட்டை எடுத்துவிட்டு, உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் பொருந்துவது கிடைக்கும்வரை வெறும் கார்பெட்டிலேயே ஓட்டுங்கள்.